ஏலக்கூடத்து வடக்குச் சுவர்

வேலங்குப்பம்,
கடலூர்.
20.01.2025

உயர்திரு அருள்மொழி மேடம் அவர்களுக்கு,

வேலங்குப்பம் மாரியம்மாள் எழுதிக்கொள்வது. நேற்று நடந்த ஊர்க்கூட்டத்தில் தலைவர் சின்னையன் அவர்களும் பஞ்சாயத்தாரும் சொன்னதன் பேரில் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மீன் ஏலக்கூடத்தின் வடக்குச் சுவரில் உங்கள் கல்லூரிப் பிள்ளைகள் வரைந்த கடல் படத்தின்மேல் 17ஆம் தேதி மத்தியானம் சுண்ணாம்பு அடித்தது நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை. சுண்ணாம்பு என்னுடையது, மட்டை என்னுடையது, ஏணி மட்டும் கோயிலுடையது. ஊர் அனுமதி கொடுத்து வரைந்த படத்தை ஊரைக் கேட்காமல் அழித்தது தவறு என்று கூட்டத்தில் சொன்னார்கள். அதற்கு வருத்தம் தெரிவித்துக் கல்லூரிக்கு எழுத வேண்டும் என்றும் சொன்னார்கள்.

வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

கடிதத்தைத் தலைவர் படித்துப் பார்த்துவிட்டார். சரியாக இருக்கிறது என்றார்.

இப்படிக்கு,
ந. மாரியம்மாள்


சிதம்பரம்,
27.01.2025

அன்புள்ள மாரியம்மாள்,

உங்கள் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. அதில் வருத்தம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். ஏணி கோயிலுடையது என்பது தெரிந்தது. வருத்தம் கிடைக்கவில்லை.

நான்கு முறை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரியின் நுண்கலைத் துறையிலிருந்து ஆறு வருடமாகச் சனிக்கிழமைதோறும் உங்கள் ஊருக்கு வருகிறோம். முதல் நாள் வேன் மணலில் புதைந்தபோது ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ள வைத்தது நீங்கள். உங்கள் மகள் சினேகா எட்டு வயதில் எங்களிடம் வண்ணப் பென்சில் பிடித்தவள், இன்று சின்னப் பிள்ளைகளுக்கு அவளே சொல்லிக்கொடுக்கிறாள். இதையெல்லாம் நினைத்துப் பார்த்தால், அந்தச் சுவரில் மட்டை வைத்த கை உங்களுடையது என்பதை என்னால் நம்ப முடியவில்லை. யாரோ ஒரு குடிகாரன் செய்திருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன்.

சுவாதியைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. காட்டுமன்னார்கோயில் பெண். அம்மா அரிசி மில்லில் வேலை செய்கிறார். அவள் வீட்டிலிருந்து கல்லூரி வந்த முதல் ஆள். அந்தச் சுவருக்காகப் பத்தொன்பது நாள் முதல் பஸ்ஸைப் பிடித்துச் சிதம்பரம் வந்து, அங்கிருந்து வேறு பஸ்ஸில் கடலூர் வந்தாள். மார்கழித் தூறலில் சாரத்தின் மேல் ஒரு தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு வரைந்தாள். காணும் பொங்கலன்று ஊரே கூடி நின்று பார்த்ததே, அப்போது அவள் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள், தன் படத்தை மற்றவர்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும் என்று. மறுநாளே அதன்மேல் சுண்ணாம்பு. யாரோ அனுப்பிய படத்தைப் போனில் பார்த்துவிட்டு அவள் அழவில்லை. பிரஷ்களைக் கழுவி என் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். "இனிமே எனக்கு வேணாம் மேடம்" என்றாள். அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் முதல்வர் வெங்கடசுப்ரமணியன் கறாரான மனிதர். "வேண்டாம்னு சொல்ற ஊருக்கு நாம ஏன் போகணும்?" என்று கேட்கிறார். பிப்ரவரி 28க்குள் ஊரிலிருந்து, வகுப்பு வேண்டும் என்று எழுத்தில் வர வேண்டும். வராவிட்டால் வேன் வேறு ஊருக்குப் போகும். ஆறு வருட வேலை அத்தோடு முடிந்துவிடும்.

ஏன் அப்படிச் செய்தீர்கள்? தலைவர் படித்துப் பார்க்காத ஒரு கடிதத்தில் சொல்லுங்கள்.

அன்புடன்,
அருள்மொழி


வேலங்குப்பம்,
03.02.2025

டீச்சருக்கு,

போனை எடுக்காதது வேண்டுமென்றுதான். போனில் பேசினால் நான் கத்துவேன், ஒன்றும் விளங்காது. எழுதுவது எனக்குக் கஷ்டமில்லை. பன்னிரண்டாவதில் தமிழில் இருநூறுக்கு நூற்று அறுபத்தெட்டு வாங்கியவள் நான். மேலே படிக்க வைக்கவில்லை, கூடை தூக்க வைத்தார்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். படம் நன்றாக இல்லை என்று நான் அழிக்கவில்லை. அப்படி யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அந்த நீலம் சரியான நீலம். மார்கழி மாதம் விடிந்து ஒரு மணி நேரம் கழித்துக் கடல் அப்படித்தான் இருக்கும், கொஞ்சம் பச்சை, கொஞ்சம் சாம்பல். கடலே பார்க்காமல் வளர்ந்த பெண் அதை எப்படிப் பிடித்தாள் என்று ஏலக்கூடத்தில் நாங்கள் பேசிக்கொண்டோம். மட்டமான படமாக இருந்திருந்தால் ஒருத்தியும் சட்டை பண்ணியிருக்க மாட்டாள். அதன்மேல் சுவரொட்டி ஒட்டியிருப்பார்கள், போயிருக்கும்.

நாங்கள் உட்காரும் இடத்தை நீங்கள் யோசித்துப் பாருங்கள். காலையில் கடலுக்குப் போன போட்டு கரைக்கு வரும்வரை நாற்பது பேர் ஏலக்கூடத்தில் தெற்குப் பக்கம் அந்தக் குட்டைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்போம். வலது பக்கம் திரும்பினால் கடல். நேரே பார்த்தால் உங்கள் சுவர். ஆம்பளைகள் அங்கே உட்காருவதில்லை. போட்டிலிருந்து இறங்குவார்கள், மீனைக் கொட்டுவார்கள், போய்விடுவார்கள். படத்துக்கு அனுமதி கொடுத்தது அவர்கள். நீங்கள் பேப்பரில் வரைந்து கொண்டுவந்ததைப் பார்த்தது அவர்கள். தினம் இரண்டு மணி நேரம் பார்க்கப்போவது நாங்கள்.

குப்பு அக்காவை உங்களுக்குத் தெரியும். உங்கள் பிள்ளைகளுக்கு வெயில் நாளில் மோர் கொடுப்பாரே, அவர்தான். அவர் மகன் வினோத்குமார் போன ஐப்பசியில் நண்டு வலை எடுக்கச் சின்ன பைபர் போட்டில் தனியாகப் போனான். மூன்றாம் நாள் பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே போட்டு கிடைத்தது. இஞ்சின் தூக்கிக் கட்டியபடி இருந்தது. டிபன் பாக்ஸ் திறக்காமல் இருந்தது. அவன் இல்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. அதனால் அக்கா இன்னும் காரியம் செய்யவில்லை, நெற்றிப் பொட்டையும் அழிக்கவில்லை என்று ஊரில் ஒரு பேச்சு, அழிப்பதற்கு அவன் என்ன புருஷனா என்று அக்கா கேட்டார், அது வேறு கதை. அவருக்குக் காத்திருக்க இப்போது போட்டு இல்லை. ஆனாலும் காலையில் வந்து உட்காருவார். நாங்களும் தள்ளி இடம் விடுவோம்.

காணும் பொங்கலன்று அக்கா வந்து படத்தைப் பார்த்தார். நல்ல கடல், நடுவில் ஒரு போட்டு, அதில் ஆள் இல்லை. மறுநாள் காலையில் தெற்குப் பக்கம் வரவில்லை. ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால், வெயிலில், சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். "ஏன்க்கா அங்க குந்திக்கினு இருக்க, வா" என்றேன். "இங்க காத்து ஜாஸ்தி" என்றார். அங்கே காத்தும் இல்லை, ஒன்றும் இல்லை.

அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருந்த நேரத்தில் நான் சுண்ணாம்பு கரைத்தேன். உங்களுக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டும். அது தப்பு. அந்த ஒரு தப்புக்கு இப்போது உண்மையாகவே வருத்தம் தெரிவிக்கிறேன். தலைவர் இதைப் படிக்கவில்லை.

என் கேள்வி ஒன்று இருக்கிறது. நீங்கள் பேப்பரில் வரைந்து கொண்டுவந்ததைச் சினேகா அவள் போனில் எடுத்து வைத்திருக்கிறாள். அதில் போட்டில் இரண்டு ஆள் இருக்கிறார்கள். ஒருத்தன் வலை இழுக்கிறான், ஒருத்தன் நிற்கிறான். சுவருக்கு வரும்போது அவர்கள் எங்கே போனார்கள்?

மாரியம்மாள்


சிதம்பரம்,
08.02.2025

அன்புள்ள மாரியம்மாள்,

குப்பு அக்காவைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை எடுத்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன்.

நீங்கள் கேட்டதற்கு: பேப்பரில் இருப்பது அப்படியே சுவருக்கு வருவதில்லை. சுவர் பெரியது. வரையும்போது சில மாற்றங்கள் தேவைப்படும். பல காரணங்கள் உண்டு. அதை விளக்கினால் இந்தக் கடிதம் பாடம் போல ஆகிவிடும்.

ஒரு நல்ல செய்தி. தலைவர் சின்னையன் கல்லூரிக்கு எழுதியிருக்கிறார். ஊர் முத்திரையோடு. அதே படத்தை மறுபடி வரையலாம், இனி யாரும் கை வைக்காமல் பஞ்சாயத்து பார்த்துக்கொள்ளும், வகுப்பும் தொடரலாம் என்று. முதல்வருக்கு மிகவும் திருப்தி. அந்த இரண்டு ஆட்களையும் இந்த முறை போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். அப்படிப் போட்டால் எல்லோருக்கும் சம்மதம்தானே? வகுப்பும் பிழைத்துவிடும். சுவாதியிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டு நாளாக அவள் கல்லூரிக்கு வரவில்லை.

இப்படிச் செய்தால் சரியாக இருக்குமா என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் எனக்கு நிம்மதி.

அருள்மொழி


வேலங்குப்பம்,
14.02.2025

டீச்சருக்கு,

சுவாதி கல்லூரிக்கு வராத நாளில் எங்கே இருந்தாள் என்று நான் சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் இருந்தாள். தனியாக வந்தாள். சினேகா போனில் அக்கா விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள், அவளிடமே வழி கேட்டுக்கொண்டு நேரே குப்பு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன், என்ன ஆகுமோ என்று.

அக்கா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். இவள் எதிரில் நிற்கிறாள், பையை மார்போடு அணைத்துக்கொண்டு.

"யாரும்மா நீ?"

"செவுத்துல படம் போட்டது நாந்தாங்க."

"எங்கேர்ந்து வர?"

"காட்டுமன்னார்கோயில்."

"அங்க கடல் இருக்குதா?"

"ஏரி இருக்குதுங்க. வீராணம்."

"நீந்தத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"பின்ன இன்னாத்துக்குக் கடல போட்ட?"

பெண் தடுமாறிவிட்டாள். "பாக்க அழகா இருந்துச்சுங்க" என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இவரிடம் போய் இப்படிச் சொல்லலாமா? அக்கா கையிலிருந்த மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அது அழகுதான். யாரு இல்லேன்னா" என்றார்.

அப்புறம் கேட்டார்: "ஆள ஏன் போடல?"

"நாந்தாங்க மறந்துட்டேன். மன்னிச்சுக்கோங்க."

டீச்சர், பத்தொன்பது நாள் சாரத்தில் தொங்கியவள் இரண்டு ஆளை மறப்பாளா? அலையில் நுரையைக் கூட ஒவ்வொன்றாக வைத்தவள். அவள் அதைச் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை, மீன் சட்டியைப் பார்த்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத பெண். யாரையோ காப்பாற்றுகிறாள் என்று எனக்குப் பட்டது. அக்காவுக்கும் பட்டிருக்கும். அவர் மேலே கேட்கவில்லை. "சாப்டியா?" என்றார். காரப்பொடி மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டார். முள்ளோடு போராடினாள். "இது எப்புடிடீ பொழைக்கப் போவுது" என்று அக்கா சிரித்தார். ஐப்பசிக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது. அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து, அடிப்பார்களா திட்டுவார்களா என்று தெரியாமல் ஒரு வாசலில் நிற்க எனக்குத் தைரியம் வராது. நான் எல்லோரும் தூங்கும்போது ஏணி எடுத்தவள்.

நீங்கள் கேட்ட ஒரு வரி: தலைவர் அனுமதி கொடுத்துவிட்டார் என்றால் போடுங்கள். இரண்டு ஆளோடு போடுங்கள், பத்து ஆளோடு போடுங்கள். நான் தடுக்க மாட்டேன். நாங்கள் எல்லோரும் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறோம்.

நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் எழுதவில்லை.

மாரியம்மாள்


சிதம்பரம்,
18.02.2025

அன்புள்ள மாரியம்மாள்,

அந்த இரண்டு பேரையும் எடுக்கச் சொன்னது நான்.

டிசம்பர் கடைசி வாரம், சாரத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சுவாதி இரண்டு ஆட்களையும் கோடாகப் போட்டிருந்தாள். நன்றாகத்தான் போட்டிருந்தாள். நான்தான் சொன்னேன்: "அவங்கள எடுத்துடு சுவாதி. படகு மட்டும் தனியா இருக்கட்டும். பார்க்கிறவங்க மனசு அதுல ஏறி உட்காரும்." அவள் மேலேயிருந்து கேட்டாள்: "ஆளு இல்லாம போட்டு எப்படி மேடம் அவ்ளோ தூரம் போவும்?" நான் சிரித்தேன். "இது படம்மா" என்றேன். பக்கத்தில் நின்ற பிள்ளைகளும் சிரித்தார்கள். அவள் இரண்டு ஆட்களையும் துணியால் துடைத்தாள்.

இருபத்திரண்டு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். சொன்னதெல்லாம் சரி என்று நானே நம்பும் அளவுக்கு அந்தக் குரல் பழகிவிட்டது. சுவாதிக்குச் சரியான கேள்வி வந்தது, அதை நான் சிரித்துக் கலைத்தேன். அதற்குப் பிறகு அவள் குப்பு அக்காவின் வாசலில் நின்று என் தவற்றைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். நேற்று அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன், ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று. "உங்கள சொன்னா கிளாஸ் நின்னுடும் மேடம். என்னைய சொன்னா நான்தான் நிக்கணும்" என்றாள். இருபது வயது. நான் அவளுக்கு என்ன கற்றுக்கொடுத்தேன் என்று யோசிக்கிறேன். இதை நான் கற்றுக்கொடுக்கவில்லை.

இன்னும் ஒன்று உண்டு, அதை எழுதத்தான் பத்து நாளாகத் தள்ளிப்போட்டேன். ஐப்பசியில் இரண்டு சனிக்கிழமை வகுப்பு வேண்டாம் என்று நீங்கள்தான் போன் செய்தீர்கள். "ஊர்ல ஒரு பையனக் காணோம் டீச்சர், தேடிக்கினு இருக்காங்க" என்றீர்கள். நான் வருத்தப்பட்டேன். பிள்ளைகளிடமும் சொன்னேன். டிசம்பரில் அந்தச் சுவருக்குக் கீழே நின்றபோது அது எனக்கு நினைவில் இல்லை. மறைக்காமல் சொல்கிறேன், துளிகூட நினைவில் இல்லை. உங்கள் ஊரை எனக்கு நன்றாகத் தெரியும் என்று எத்தனை கருத்தரங்கில் பேசியிருப்பேன்.

தலைவரின் கடிதத்தை வைத்து அந்தச் சுவரில் வரைய மாட்டேன் என்று முதல்வரிடம் சொல்லிவிட்டேன். காரணத்தையும் சொன்னேன், ஆளை எடுக்கச் சொன்னது நான் என்பது உட்பட. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப வேற யார் கடிதம் குடுப்பா? இருபத்தெட்டு மாறாது" என்றார்.

இதைக் கேட்பதற்காக எழுதவில்லை என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். கேட்கவும்தான் எழுதுகிறேன். தெற்குப் பக்கம் உட்காருகிறவர்கள் வகுப்பு வேண்டும் என்று எழுதிக்கொடுத்தால் வருவோம். வேண்டாம் என்றால் வர மாட்டோம். எதுவானாலும் குப்பு அக்காவிடம் இந்தக் கடிதத்தை நீங்கள் காட்ட வேண்டும். சுவாதி மறக்கவில்லை என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

அருள்மொழி


வேலங்குப்பம்,
24.02.2025

டீச்சருக்கு,

கடிதத்தைக் குப்பு அக்காவுக்கு முழுதாக வாசித்துக் காட்டினேன். முடித்ததும் அவர் எழுந்து மீன் கழுவப் போய்விட்டார்.

மற்றவர்களுக்கு ஏலக்கூடத்தில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். ஒரே கூச்சல். "டீச்சரே தப்புன்னு எழுதியிருக்காங்களா? எங்க காட்டு" என்று கடிதம் கை மாறி மாறிப் போனது. படிக்கத் தெரியாதவர்களும் வாங்கிப் பார்த்தார்கள். மீன் வாடை பட்டுவிட்டது, அதைத் திருப்பி அனுப்ப மாட்டேன், நானே வைத்துக்கொள்கிறேன்.

இத்துடன் முப்பத்து நான்கு பேர் கையெழுத்தும் கைநாட்டும் போட்ட தாள் இருக்கிறது. வகுப்பு வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறோம். ஏன் வேண்டும் என்றும் எழுதலாமா என்று கேட்டார்கள். அதற்கு இடம் போதாது. உங்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் முப்பது வருஷமாக மீன் செவுளைப் பார்க்கிறேன். எனக்குச் சிவப்பு என்றுதான் தெரியும். சினேகா அதில் ஏழு சிவப்பு சொல்கிறாள். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறாள். அவள் சொன்ன பிறகு எனக்கும் தெரிகிறது. உங்கள் பிள்ளைகள் ஆறு வருஷத்தில் செய்தது இது.

முதல் கையெழுத்து தலைவர் வீட்டு அக்காவுடையது. தாளை எடுத்துக்கொண்டு முத்திரைக்குப் போனோம். தலைவர், "பொம்பளைங்க லெட்டருக்கு ஊர் சீல் போடுற வழக்கம் இல்ல" என்றார். அவர் வீட்டு அக்கா உள்ளேயிருந்தே, "கோயிலுக்கு மைக் செட்டு கட்டுனது வழக்கமாவா இருந்துச்சு? யாரோ ஒருத்தர் ஆரம்பிச்சதுதானே? குத்து" என்றார். குத்தினார். கோபத்தில் குத்தியதால் தலைகீழாக விழுந்திருக்கிறது. முதல்வரிடம் நீங்கள் எப்படியாவது சொல்லிக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்திலிருந்து மூன்று விஷயம். வகுப்பு பத்து மணிக்கு வைத்தால் நாங்கள் மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் தெருத் தெருவாகக் கூவிக்கொண்டிருப்போம். ஆறு வருஷமாகப் பிள்ளைகள் மட்டும் வந்ததற்கு அதுதான் காரணம். எங்களுக்கு மூன்று மணிக்கு வேண்டும். இரண்டாவது, சுவரில் என்ன படம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. மூன்றாவது, முதல் வாரம் நீங்கள் வர வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. நீங்கள் நின்றால் எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் வரைவார்கள். நான் உட்பட.

சுவாதியை அனுப்புங்கள்.

மாரியம்மாள்


சிதம்பரம்,
01.03.2025

அன்புள்ள மாரியம்மாள்,

தாள் 27ஆம் தேதி வந்தது. முதல்வர் அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்து முத்திரையைப் படித்தார். பிறகு நேராக வைத்து முப்பத்து நான்கு பெயரையும் படித்தார், கைநாட்டுக்குப் பக்கத்தில் நீங்கள் எழுதிய பெயர்கள் உட்பட. "மூணு மணி ஏன்?" என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். "ஆறு வருஷத்துல இது உங்களுக்குத் தெரியாதா?" என்றார். தெரியாது என்றேன். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், நான் கேட்டதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மத்தியானத்துக்கு வேன் கிடையாது. பிள்ளைகள் பஸ்ஸிலேயே வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். சுவாதியோடு நான்கு பேர். அவள் பிரஷ்களைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். எடுத்துக் கொடுக்கும்போது எதுவும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். "நீலம் கூட ஒரு டப்பா எடுத்துக்கோ" என்று வாயில் வந்துவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே, "அவங்க என்ன கேக்குறாங்களோ பார்ப்போம் மேடம்" என்றாள். எட்டாம் தேதி மூன்று மணிக்கு நான் வீட்டில் இருப்பேன். போனைப் பார்க்காமல் இருக்க முயல்வேன்.

உங்களில் ஒருவர்கூட எனக்கு ஒரு வார்த்தை கடுமையாக எழுதவில்லை. அதை நான் எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அருள்மொழி


வேலங்குப்பம்,
09.03.2025

டீச்சருக்கு,

போன் செய்யலாம்தான். ஆனால் இவ்வளவையும் போனில் சொல்ல முடியாது.

பதினைந்து பேர் வந்தார்கள். பெயிண்டைப் பார்த்ததும் நான்கு பேர், "சீல பாழாப்பூடும்" என்று ஓடிவிட்டார்கள். மீதிப் பதினொன்று. குப்பு அக்கா ஐஸ் பெட்டிப் பக்கமே இருந்தார். சுவாதி சுவரைத் தேய்த்துத் துடைத்துவிட்டு, "என்ன போடலாம்க்கா?" என்று கேட்டாள். அங்கே ஆரம்பித்தது. ஒருத்தி பிள்ளையார் என்றாள். ஒருத்தி முருகன். ஒருத்தி தன் பேத்தியைப் போட வேண்டும் என்றாள். "ஒம் பேத்திய எம் போட்டோவுக்குப் பக்கத்துல போட்டா யாரு பாக்கப் போறா" என்று இன்னொருத்தி. அரை மணி நேரம் போனது. சுவாதி கரிக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், யார் கேட்டாலும் கொடுக்கிற மாதிரி.

குப்பு அக்கா எழுந்து வந்தார். அவள் கையிலிருந்து கரியை வாங்கினார். சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, இடுப்பு உயரத்தில், நடந்துகொண்டே ஒரு கோடு இழுத்தார். நேராகக்கூட இல்லை.

"இது இன்னாக்கா?"

"கர."

"கரையா?"

"எல்லாரும் கடல போடுறீங்க, போட்டு போடுறீங்க. நாம குந்திக்கினு இருக்கிற எடத்த எவ போடுவா?"

அதற்குப் பிறகு சண்டை வேறு மாதிரி ஆகிவிட்டது. யார் யார் பக்கத்தில் உட்காருவது என்று. பேச்சு வார்த்தை இல்லாத இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு நடுவில் ஐந்து பேரை வைக்க வேண்டியதாயிற்று. உட்கார்ந்திருக்கும் ஆளை முதுகுப் பக்கமிருந்து வரைவது சுலபம், ஒரு பானை மாதிரி ஆரம்பித்தால் போதும் என்று சுவாதி காட்டினாள். எல்லோரும் பானை போட்டார்கள். "என்னைய இவ்ளோ பெருசா போட்டுக்கிற, நானு இன்னா சொறாவா?" என்று தலைவர் வீட்டு அக்கா கத்தினார். "இருக்குறதத்தான் போட முடியும்" என்று பதில். சிரிப்புச் சத்தத்தில் ஆம்பளைகள் வந்து எட்டிப் பார்த்தார்கள். தலைவரும் வந்தார். "இதுல போட்டு எங்க?" என்றார். "நீங்கதான் ஓட்டிக்கினு வரணும்" என்று அனுப்பிவிட்டோம்.

நான் என் கூடையை வரைந்தேன். என்னை வரைய வரவில்லை. சினேகா திருத்த வந்தாள், கையைத் தட்டிவிட்டேன்.

குப்பு அக்காவை மட்டும் சுவாதியே போட்டாள். மற்றவர்களில் சிலர் திரும்பி முகம் காட்டி, பேசிக்கொண்டு இருக்கிற மாதிரி இருக்கிறார்கள். அக்காவிடம், "உங்களுக்கு எப்படிப் போடட்டும்?" என்று கேட்டாள். "எனக்கு மூஞ்சி வேணாம். நானு அந்தாண்டதான் பாத்துக்கினு இருப்பேன்" என்றார். சுவாதி ஏன் என்று கேட்கவில்லை. ஒரு மணி நேரம் அந்த முதுகையும் கொண்டையையும் போட்டாள். அக்கா பக்கத்திலேயே நின்றார். கடைசியில், "இவ்ளோ நரைக்கல" என்றார். அவள் இரண்டு மயிரைக் கறுப்பாக்கினாள். அக்கா தூரப் போய்ப் பார்த்தார். தூரப் போனவர் தெற்குப் பக்கம் குட்டைச் சுவரில், பழைய இடத்தில், உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து பார்த்தால்தான் தெரியும் என்று நினைத்திருப்பார். இன்று காலையிலும் அங்கேதான் இருந்தார்.

கோட்டுக்கு மேலே இன்னும் என்ன போடுவது என்று முடிவாகவில்லை. அந்தப் பாதி நான் அடித்த சுண்ணாம்பாகவே இருக்கிறது. கடல் வேண்டும் என்று ஆறு பேர், வேண்டாம் என்று ஐந்து பேர்.

பிள்ளைகளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தபோது குப்பு அக்கா கேட்டார்.

"அந்த டீச்சர் ஏன் வரல?"

"நாந்தான் வர வேணாம்னு எழுதினேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்க்கா. முதல் வாரம்னு."

சுவரில் தன் முதுகைக் கையால் காட்டினார். பிறகு சொன்னார்: "எம் பக்கத்துல இன்னும் எடம் கெடக்குது. அவளையும் வந்து குந்தச் சொல்லு."

மாரியம்மாள்